வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது என் தொழில். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தாறு வருஷமாக ஊசி குத்துகிறேன். காலை ஆறரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே நாலைந்து பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை என்பார்கள். சரி என்று தலையாட்டிக்கொண்டே ரத்தம் எடுப்பேன். அந்தக் குழாயை மெஷினில் போட்டுச் சுற்றவிட்டால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். சீரம் என்போம். பட்டினியோடு வந்தவருடைய சீரம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். நெய்யும் கொழுப்புமாகத் தின்றுவிட்டு வந்தவருடையது பால் கலந்தது போல வெளுத்திருக்கும். குழாயைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் போதும், ஆள் அகப்பட்டுக்கொள்வார்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அப்படித்தான் அகப்பட்டார். "பாய், காலைல பாயா துன்னுட்டு வந்துகீறீங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா நீ, வவுத்துக்குள்ள கேமரா வெச்சிகினு கீறியா?" என்றார். மறுநாள் ஒழுங்காகப் பட்டினி கிடந்து வந்தார். அன்றைக்கு லேபில் எனக்கு சிஐடி என்று பேர் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையை நான் லேபோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டியவர். அஞ்சு பெட்டி உயரத்துக்கு நூல் பிடித்த மாதிரி அடுக்குவார். ஒரு நாள் ஒரு பெட்டியை அரை அடி இடதுபக்கம் தள்ளி வைத்தார். சூப்பர்வைசர் கத்தினார். அடுத்த நாளும் அதே இடதுபக்கம், அதே அரை அடி. குடித்துவிட்டு வண்டி ஏறுகிறார் என்று யார்டில் பேசினார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நானும் அன்றைக்கு அவர் சட்டையை மோந்து பார்த்தேன். மூன்றாம் நாள் வண்டியின் இருக்கையிலேயே அவருக்கு வலிப்பு வந்தது.

தலைக்குள் வலதுபக்கம் கட்டி. மண்டையைத் திறந்து எடுக்க முடிந்த வரைக்கும் எடுத்தார்கள். மீதியைக் கதிர் வைத்தும் மாத்திரை கொடுத்தும் பார்ப்பதாகச் சொன்னார்கள். பயாப்சி ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்னால் நான் படித்துவிட்டேன். ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவளுக்கு அதுவும் ஒரு தண்டனை. நாலாவது கிரேடு என்றிருந்தது. இந்தக் கட்டி திரும்பி வரும், நமக்கு இருப்பது மாதக் கணக்கு என்று அதற்கு அர்த்தம். "இன்னா போட்டுக்கீது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம்" என்றேன். சந்தேகமே இல்லாமல் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷமாக நான் சொன்ன எதையும் அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

கட்டி ஏன் வந்தது என்று, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு காரணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் காற்று என்றார் ஒருவர். வண்டியின் அதிர்வு என்றார் இன்னொருவர். செல்போன் என்றார்கள், கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். டாக்டர்கள் மட்டும் காரணம் தெரியாது என்றார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி இல்லை என்றால் எப்படி? காற்றைப் பிடித்து நான் என்ன விசாரிக்க முடியும்?

அப்போதுதான் ஒரு இளம் டாக்டர் என் கையில் ஒரு குற்றவாளியைக் கொடுத்தார். கொடுத்தார் என்று சொல்வது தப்பு, நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பெண் அவர். நான் லேபில் வேலை செய்வது தெரிந்து, ஃபைல் அட்டையின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினார். "இந்தக் கட்டியோட செல்லுக்கு நிறைய கொலஸ்ட்ரால் வேணும்மா. தானா செய்யறதைக் குறைச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற நல்ல செல் செய்யறதை இழுத்து இழுத்து வாழுது. அந்த வழியை அடைக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. மருந்தா இன்னும் வரல" என்றார். அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். ஒரு 'ஆனால்' போட்டுத்தான் தொடங்கினார். நான் கேட்கவில்லை. கொலஸ்ட்ரால் என்ற வார்த்தை வந்ததுமே மீதி எனக்குத் தேவைப்படவில்லை. அது எங்கிருந்து வரும், எந்தத் தட்டில் ஏறும், எந்தக் குழாயில் அகப்படும் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன். நண்டு கிடையாது, எறா கிடையாது, கடம்பா என்கிற கணவாய் கிடையாது, முட்டை கிடையாது, தேங்காய் கிடையாது. காலையில் ஓட்ஸ், மத்தியானம் சுரைக்காயும் ரசமும், ராத்திரி மறுபடி ஓட்ஸ். இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் இதைச் சொன்னேன் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மீன் அசைவத்தில் சேராது. தவக்காலம் நாற்பது நாளும் கறியை விட்டுவிடுவார், மீனை விட்டதில்லை. அதிலும் நண்டு என்றால் அவருக்கு உயிர். ஓட்டை உடைத்து, கால் காலாக உறிஞ்சி, தட்டில் எலும்புக்கூடு மாதிரி அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்த துன்னாக்க கட்டி வளருமா?" என்றார். "ஆமா" என்றேன். "சரிமே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த சரியை நான் நம்பியிருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தவக்காலத்தில் சிகரெட்டை விடுகிறேன் என்றவர், அதற்குப் பிறகு பற்றவைத்ததே இல்லை. ஆனால் எனக்குத்தான் வெறும் வார்த்தை போதாதே. லேபிலிருந்து ஊசியும் ரப்பர் பட்டையும் குழாய்களும் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில், வெறும் வயிற்றில், நான் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். இடது கை கட்டியால் வலுவிழந்து கிடந்ததால் வலது கையில்தான் எடுப்பேன். லேபில் மற்றவர்களின் குழாய்களோடு அதையும் ஓட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் வாரம் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. நாலாம் வாரம் இன்னும் ஏறியிருந்தது.

அவர் முகமும் உப்பிக்கொண்டே வந்தது. ஓட்ஸும் சுரைக்காயும் தின்கிறவருக்குக் கன்னம் எப்படி வந்தது என்று என் புத்தி போனது. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பும், பசி எடுக்கும், சுகர் ஏறும் என்று டாக்டர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். சுகரையும் நான் பார்த்தேன். ஏறவில்லை. அதனால் மாத்திரைக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். ஒருத்தரை விட்டுவிட்டால் இன்னொருத்தரைப் பிடித்தாக வேண்டும் இல்லையா?

"ஏங்க, இன்னா துன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ குடுத்தது தான்."

"வேற?"

"வேற இன்னா கீது வூட்ல? பசிக்குது மே, இல்லன்னு சொல்லல. ராவெல்லாம் பசிக்குது. ஆனா துன்னல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கட்டிக்குப் பிறகு அவர் வாய் ஒரு பக்கம்தான் மேலே ஏறும். நரம்பு விழுந்ததால் அப்படி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பு எனக்குக் கள்ளச் சிரிப்பாகவே பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தனை சனிக்கிழமையும் அவர் சீரம் தெளிவாகத்தான் இருந்தது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து நானே பார்த்தேன். வெறும் வயிறு என்று என் கண் சொன்னது. மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் கண்ணை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் உஷாராகி, மற்ற நாளில் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வேலைக்குப் போனால் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. காசிமேட்டில் மீன் விற்கிறவர். மத்தியானம் வியாபாரம் முடித்துவிட்டு, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்து தம்பியோடு உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தத் தூக்கு என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரு புதன்கிழமை தலைவலி என்று லேபில் சொல்லிவிட்டு ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு முதல் மாடி. பாதிப் படியிலேயே நண்டுக் குழம்பு மணந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். தூக்கு திறந்திருந்தது. பேப்பரில் நண்டு ஓடு குவிந்து கிடந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா இது?"

"துன்னுகினு கீறேன். தெரீல?" என்றார் அக்கா.

"நீங்க துன்றீங்களா, அவருக்குக் குடுக்கிறீங்களா?"

"நான் துன்னல மே. அது தான் துன்னுது" என்றார் அவர்.

அவர் முன்னால் தட்டு இல்லை. அதையும் பார்த்தேன். நான் வருகிற சத்தம் கேட்டு ஒளித்துவிட்டார்கள் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

"கூடப் பொறந்தவன சாவடிக்கவா தூக்கத் தூக்கினு வரீங்க?" என்றேன். "இனிமே இந்த வூட்டுப் படி ஏறாதீங்க."

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. காசிமேட்டில் அக்கா வாய்க்கு ஏலக்காரர்களே ஒதுங்குவார்கள். அப்படிப்பட்டவர் ஒன்றும் பேசாமல் ஓடுகளைப் பேப்பரோடு மடித்தார், கை கழுவினார், தூக்கை மூடினார், தம்பி தலையை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கிப் போனார். பேசாமல் போனாரே, அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கொலஸ்ட்ரால் இன்னும் ஏறியிருந்தது.

திங்கட்கிழமை முதல் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்துத் தெருக்காரர்கள் யாராவது, யார்டு தோஸ்துங்க யாராவது வாங்கிக் கொடுத்தால்? ஆத்திர அவசரத்துக்கு என்று சாவியைக் கீழ் போர்ஷனில் துணி தைக்கும் அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பூட்டிகினா உனக்கு நிம்மதின்னா பூட்டிக்கோ" என்றார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். எது யார்டுக்குப் போகும் பெட்டி என்று நிறத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

பூட்டின வாரத்துச் சனிக்கிழமை எண்ணைப் பார்த்து நான் லேபில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதுவரை இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. கதவு பூட்டு, அடுப்பில் சுரைக்காய். இந்த மனுஷன் சுவரை நக்கினாரா? வீட்டுக்கு வந்ததும் கீழ் போர்ஷன் அம்மாவிடமே போனேன். சாவி அவரிடம்தானே இருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, நீயே வெச்சிக்கோ. நான் ஒருநாளும் தொறக்கல. அந்த மனுஷன் ஜன்னலாண்ட குந்திகினு கீறத பாத்தா எனக்கு பேஜாரா கீது. இன்னும் என்னையும் சந்தேகப்பட்டா நான் எங்க போறது?" என்றார். தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் நன்றி கூடச் சொல்லாமல் சாவியோடு மாடி ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் வீட்டைப் பூட்டி, சாவியை என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரைப் பற்றிப் புகார் சொல்லத்தான். நீங்களாவது மிரட்டி வையுங்கள், உயிரோடு விளையாடுகிறார் என்று சொல்ல வேண்டும். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று அந்த இளம் டாக்டரைப் பிடித்தேன்.

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தார். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரருடைய மாத்திரை விவரத்தைத் திறந்தார்.

"ஸ்டீராய்டு டோஸை எப்பக் கூட்டினோம்னு பாருங்கம்மா. உங்க நோட்ல எப்ப ஏறியிருக்குன்னும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மூளை வீக்கம் அதிகமானதால் டோஸைக் கூட்டிய வாரமெல்லாம் என் நோட்டிலும் ஏறியிருந்தது. கடைசியாகக் கூட்டியது, நான் வீட்டைப் பூட்டிய அதே வாரம்.

"ஸ்டீராய்டு கொலஸ்ட்ராலை ஏத்தும். அவர் சாப்பிடற வலிப்பு மாத்திரையும் கொஞ்சம் ஏத்தும். பச்சைத் தண்ணி குடிச்சிட்டு இருந்தாலும் ஏறியிருக்கும். சுகர் எல்லாருக்கும் ஏறணும்னு இல்ல."

"அப்ப கட்டி?" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க, அது கொலஸ்ட்ராலத் தின்னு வளருதுன்னு."

"அன்னிக்கே சொன்னேன்மா" என்றார். "மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செஞ்சுக்குது. ரத்தத்துல ஓடறது உள்ள போகாம நடுவுல ஒரு வேலி இருக்கு. கட்டி எடுக்கறது மூளை செஞ்சதைத்தான். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நண்டு சாப்பிடறதால அது வளராது, சாப்பிடாததால சாகவும் சாகாது. அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க. இப்ப எதுக்குப் பட்டினி போடறீங்க?"

அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட 'ஆனால்' இதுதான். அத்தனை நாள் கழித்து அது என் காதில் விழுந்தது. இருபத்தாறு வருஷமாகக் கொலஸ்ட்ரால் பார்க்கிறவள். டாக்டர் எழுதித் தரும் சீட்டில் ஸ்டீராய்டு என்று இருந்தால் ரிப்போர்ட்டில், மாத்திரையால் ஏறியிருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும் என்று லேபில் புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவள். என் வீட்டுக் குழாய்க்கு மட்டும் அந்தக் குறிப்பு எனக்குத் தோன்றவில்லை.

நான் எழுந்திருக்கும்போது டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "அவர்கூட இப்ப யார் இருக்காங்க?"

வலிப்பு வருகிற மனுஷனை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் கைப்பைக்குள் கிடந்தது.

ஆட்டோ பிடித்தேன். கடற்கரைச் சாலையில் லாரிகள் அசையாமல் நின்றன. எல்லாப் பெட்டிகளையும் நான் அன்றைக்குத் திட்டினேன். ஆட்டோவிலிருந்து இறங்கி மீதித் தூரம் ஓடினேன். என்னைப் பார்த்துக் கீழ் போர்ஷன் அம்மா தையலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். சாவி பூட்டில் இரண்டு தடவை வழுக்கியது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, "இன்னா மே, சீக்கிரம் வந்துகீற?" என்றார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, வேலி, தேதி எல்லாம். பயாப்சி ரிப்போர்ட்டில் என்ன போட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இத்தனை மாதம் அந்த வீட்டில் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள், அது நான்தான் என்றேன்.

ரிப்போர்ட்டைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "அப்ப நான் துன்னலன்னு நம்புறியா?" என்றார்.

"நம்புறேன்."

"அக்காவ நான் தான் துன்னச் சொன்னேன். அது துன்னும், நான் வாசன புடிச்சிகினு குந்தியிருப்பேன். அவ்ளோ தான்."

"அத்த ஏன் சொல்லல?"

"துன்னலன்னு தான் சொன்னேனே" என்றார். அவருக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்றே விளங்கவில்லை. நான் அவர் முழங்காலில் தலை வைத்து அழுதேன்.

மறுநாள் காலையில் காசிமேட்டுக்குப் போனேன். கீழ் போர்ஷன் அம்மா தையல் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்து அவரோடு உட்கார்ந்தார். நான் கேட்காமலே வந்தார். அக்கா குடை நிழலில் பலகைக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இன்னா, இங்கயும் ஊசியத் தூக்கினு வந்துட்டியா?" என்றார். அவர் பலகைக்கு முன்னால் நின்றபடியே சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். சுற்றி நாலு பேர் கேட்டார்கள், கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

அக்கா கூடையில் கைவிட்டு ஒவ்வொரு நண்டாகத் தூக்கிப் பார்த்தார். கனமில்லாததை ஒதுக்கினார். நாலு நல்ல நண்டைப் பொறுக்கிப் பையில் போட்டு என் கையில் திணித்தார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார். "அவனுக்கு எடது கை விளங்கல. ஒத்தக் கையால எவனாவது நண்ட ஒடைப்பானா? தட்டத் தேடுனியே, அது தோணல உனக்கு?"

"தோணல."

"போ. ஒடச்சி ஊட்டி வுடு. நான் நாளைக்கி வரேன்."

மத்தியானம் சமைத்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி பூண்டு தட்டிப் போட்டு, மிளகு தூக்கலாக. கொதிக்கும்போதே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இரண்டு நண்டை மேலே வைத்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே பல்லால் இழுத்து ஏற்றி, வலது கையை என் பக்கம் நீட்டினார். முழங்கை மடிப்பில் ஊசி குத்தின இடமெல்லாம் பச்சையும் கறுப்புமாகக் கன்றிப் போயிருந்தது.

"மொதல்ல எடுத்துக்கோ" என்றார். "துன்ன அப்பால எடுத்தா உனக்கு கணக்கு தப்பாப் பூடும்."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகப் பேச அவருக்கு வராது. நிஜமாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"வேணாங்க. இனிமே எடுக்க மாட்டேன். துன்னுங்க."

"பரவால்ல. எடுத்துக்கோ."

அது சாப்பிடுகிற கை. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிரே ஆவி பறக்கும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நண்டை எடுத்து ஓட்டை உடைத்தேன். சதையைப் பிரித்துச் சோற்றோடு பிசைந்து அவர் வாயில் வைத்தேன். மெல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, மிளகுக் காரமா, வேறெதுவா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வாயாக ஊட்டினேன். கால்களைக் கடித்து உடைத்து உறிஞ்சக் கொடுத்தேன். இரண்டு நண்டும் முடிந்து, தட்டு காலியாகும் வரைக்கும், நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை.